ருசியாக இருந்ததுதான் தப்பு

அத்தியாயம் 9

"தம்பி, இந்த கஸ்டர்டுல ஏதோ தப்பு இருக்கு."

அண்ணி இப்படிச் சொன்னதும் கொழுந்தன் வாய்க்குள் போன கரண்டியை வெளியே எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். துப்பறியும் தொழிலில் அண்ணியோடு ஆறு வருடம் சுற்றியவன் அவன். சாப்பாட்டு மேசையில் அவள் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்தால் சாப்பாடு அத்தோடு நின்றுவிடும்.

"விஷமா அண்ணி?" என்றான் கரண்டியைக் கடித்தபடியே.

"விஷமில்ல. நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா? அதுக்குள்ள என் பொண்டாட்டிக்கு என்ன கடுதாசி எழுதலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்."

"விளையாடாத. கப்பல்ல ஏறி அஞ்சு நாள் ஆச்சு. இதுவரைக்கும் இந்த பஃபேல ஒரு இனிப்பாவது நல்லா இருந்துச்சா?"

இல்லைதான். பன்னிரண்டாம் மாடியில் இருந்த அந்த பஃபேயின் இனிப்பு வரிசையைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும். மூன்றடுக்கு கேக், மினுமினுக்கும் ஜெல்லி, கண்ணாடிக் கிண்ணத்தில் க்ரீம், மேலே பழத்துண்டு. வாயில் வைத்தால் எல்லாம் ஒரே ருசி, ஈரப் பஞ்சில் சர்க்கரை தூவிய ருசி. பச்சை கேக்குக்கும் சிவப்பு கேக்குக்கும் சாயத்தில் மட்டும்தான் வித்தியாசம். பஃபே வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கருத்துப் புத்தகத்தில் தினம் ஒரு திட்டு எழுதாமல் கொழுந்தன் அறைக்குத் திரும்பியதில்லை. 'நேற்றைய ஜெல்லி கீழே விழுந்தது, நான்கு முறை குதித்துவிட்டு என்னிடமே வந்தது' என்பது அவன் எழுதியதில் சாதுவானது.

ஓசியில் வந்த பயணத்துக்குத்தான் இத்தனை குறையும். ஏதோ குலுக்கலில் அவனுக்கு இரண்டு சீட்டு விழுந்தது. மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அண்ணனுக்குத் தண்ணீர் என்றாலே கை கால் உதறும். மிஞ்சியது அண்ணி.

ஓய்வெடுக்க வந்த இடத்திலும் வேலை தேடி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. முந்தாநாள் சாயங்காலம் இனிப்புப் பிரிவுச் சமையல்காரன் ஒருவன் காணாமல் போனான். கப்பலின் பின்பக்கத்தில், ஆறாம் மாடிக் கைப்பிடிக் கம்பியோரம், அவனுடைய ஷூ இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. நேற்று பகல் முழுக்கக் கடலில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று பன்னிரண்டு மணிக்குக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். நின்றதும், 'தானாகவே கடலில் குதித்து இறந்தார்' என்று எழுதிய காகிதத்தைக் கேப்டன் அதிகாரிகளிடம் கொடுத்துவிடுவார். அதோடு கதை முடிந்துவிடும்.

முடியக் கூடாது என்று ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சமையல்காரனின் அக்கா. அதே கப்பலில் சலவைப் பிரிவில் வேலை செய்பவள். அவள் அழுகையைக் கேட்டுத்தான் அண்ணி கேப்டனிடம் போய் அவகாசம் வாங்கியிருந்தாள். பன்னிரண்டு மணி வரைக்கும். இப்போது மணி ஒன்பதரை.

அண்ணி பிஸ்கட் கம்பெனியில் பதினெட்டு வருடம் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவள். இன்னொரு கஸ்டர்டை எடுத்துத் தட்டில் வைத்துத் தட்டை லேசாக ஆட்டினாள். அது நடுங்கியது.

"பாத்தியா? பவுடர் கஸ்டர்ட் இப்படி நடுங்காது, ரப்பர் மாதிரி நிக்கும். இது முட்டையும் பாலும். உள்ள ஒரு ஓட்டை இல்ல, அப்போ சின்னத் தீயில, சுடுதண்ணிக்குள்ள வச்சுப் பொறுமையா வேக வச்சிருக்கான். குறைஞ்சது ஆறு மணி நேரம் குளிர்ந்திருக்கு. அதாவது நேத்து ராத்திரி செஞ்சது."

"காது கூட வச்சிருக்கான் அண்ணி."

"என்னது?"

"மேல பாருங்க. ரெண்டு மூலையிலயும் சின்ன மொட்டு. எல்லா கஸ்டர்டுக்கும் காது முளைச்சிருக்கு. நாம பேசறத ஒட்டுக் கேக்குதோ என்னமோ."

அண்ணி குனிந்து பார்த்தாள். அப்புறம் தலை நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்த பார்வையில் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

"எழுந்திரு" என்றாள். "சலவைக்குப் போகணும்."

இரண்டாம் மாடியில் ஆவியும் சோப்பு வாசனையும் மூச்சை அடைத்தன. மேசை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் ஊட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. நாற்பது வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண். கை மட்டும் நிற்கவில்லை. பக்கத்து ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, அதற்குள் தம்பியின் ஷூ. கேப்டன் நேற்று அவளிடம் கொடுத்துவிட்டார்.

"ரெண்டே கேள்விம்மா" என்றாள் அண்ணி. "உன் தம்பி கஸ்டர்ட் செஞ்சா உப்பு போடுவானா?"

அக்கா நிமிர்ந்தாள். "ஒரு சிட்டிகை. உப்பு இருந்தாத்தான் இனிப்பு நாக்குல நிக்கும்பான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். இந்த ஷூ, அவன் வெளிய போட்டுட்டுப் போறதா?"

"இது கிச்சன் ஷூங்க. கிச்சன் வாசல்ல மாட்டிக்கிட்டு உள்ள போவாங்க, வெளிய வரப்ப அங்கேயே கழட்டி அலமாரில வச்சிடணும். இதைப் போட்டுக்கிட்டு வெளிய ஒரு அடி வச்சா அபராதம். இவன் இன்னும் மோசம். ஒருநாள் தீப்பிடிச்சிருச்சுன்னு மணி அடிச்சாங்க. எல்லாரும் விழுந்தடிச்சு ஓடறாங்க, இவன் நின்னு ஷூ மாத்திக்கிட்டு வந்தான்."

சொல்லும்போது ஒரு கணம் அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

"எல்லாரும் கடலைப் பாத்தாங்க நேத்து. நான் பாக்கலை. பாத்தா நம்பிடுவேன்னு பயமா இருந்துச்சு. நான் தூக்கி வளத்த புள்ளை, குதிக்க மாட்டானுங்க. அவனை நீங்க எப்படியாவது..." அடுத்த விரிப்பை எடுத்து இயந்திரத்துக்குள் விட்டாள்.

படியேறும்போது கொழுந்தன் பொறுக்க மாட்டாமல் கேட்டான். "அண்ணி, உப்பு இருந்துச்சு இல்ல, அந்த கஸ்டர்டுல?"

"இருந்துச்சு."

"அப்போ ஆள் உயிரோட இருக்கான். அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாவம், உருகிப் போயிட்டா."

"சொல்லி, அது பொய்யாப் போனா? அவளை ரெண்டாவது தடவை சாகடிச்ச மாதிரி ஆகும். கண்ணால பாத்துட்டுச் சொல்லலாம்." அண்ணி நின்றாள். "ஷூவை அங்க கொண்டுபோய் வச்சவன் அவன் இல்ல. அப்போ வேற எவனோ அவனைத் தள்ளிட்டு, தானா குதிச்ச மாதிரி ஜோடிச்சிருக்கான். தள்ளினவன் இந்தக் கப்பல்லதான் இருக்கான். பன்னிரண்டு மணிக்கு ஜம்முனு இறங்கிப் போயிடுவான்."

இனிப்பு சமையலறை பஃபேக்கு நேர் கீழே பதினோராம் மாடியில் இருந்தது. உள்ளே ஆறு பேர் மும்முரமாக வேலை செய்தார்கள். வேலை என்றால், மூட்டையைப் பிரி, பவுடரைக் கொட்டு, தண்ணீர் ஊற்று, அச்சில் ஊற்று, குளிரில் வை. சமையலறை என்பதைவிட வெள்ளையடிக்கும் இடம் என்றே சொல்லலாம் என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

அந்தப் பிரிவின் தலைமைச் சமையல்காரர் எதிரே வந்து நின்றார். தடித்த புருவம், எந்நேரமும் சுளித்த முகம். ஊருக்கெல்லாம் இனிப்பு செய்யும் மனிதருக்கு இஞ்சி தின்ற முகம் வாய்த்திருந்ததால் கொழுந்தன் நேற்றே அவருக்கு 'இஞ்சி' என்று பேர் வைத்துவிட்டான். காணாமல் போனவனோடு முந்தாநாள் மத்தியானம் இதே இடத்தில் இவர் கத்திச் சண்டை போட்டதை ஆறு பேரும் பார்த்திருந்தார்கள்.

"இன்னிக்கு கஸ்டர்ட் யார் செஞ்சது?" என்றாள் அண்ணி.

"நான்தான்." இஞ்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ன இப்போ?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

பாராட்டினால் யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். இஞ்சியின் முகத்தில் ரத்தம் வற்றியது. வலது மணிக்கட்டில் தடிமனாக ஒரு பட்டை சுற்றியிருந்தது. அந்தக் கையால் ஒரு டம்ளரை எடுக்கப் போனவர், பாதியில் இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

வாசலோரம் ஷூ அலமாரி பூட்டியிருந்தது. "சாவி யாருகிட்ட?" என்று அண்ணி கேட்டாள்.

"ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு ஸ்டோர்ல."

"ஒண்ணு என்கிட்ட" என்று அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார் ஸ்டோர் மேனேஜர். கப்பலுக்குள் வரும் பவுடர் மூட்டையிலிருந்து கரண்டி வரை எல்லாம் அவர் கைக்குத்தான் வந்து, அவர் கையிலிருந்துதான் வெளியே போகும். கேப்டனின் மனைவியோடு பிறந்தவர் என்பதால் யாரும் அவரை எதிர்த்துப் பேச மாட்டார்கள். எப்போதும் சிரித்த முகம். அழகான பல்வரிசை. "பாவம், நல்ல பையன். நேத்து எனக்குச் சாப்பாடே இறங்கலை. ஆனா தேடி என்ன பிரயோஜனம்? கடல்ல போனது போனதுதான். அந்த அக்காவை நாமதான் நல்லபடியா பாத்துக்கணும்."

கொழுந்தன் இஞ்சியைக் காட்டிக் காதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் காலை நன்றாக மிதித்தாள்.

வெளியே வந்ததும் அவன் நொண்டியபடியே கொதித்தான். "இதுக்கு மேல என்ன வேணும்? சண்டை போட்டது இஞ்சி. சாவி வச்சிருக்கறது இஞ்சி. மணிக்கட்டு போன ஆளு முட்டை அடிச்சேன்னு பொய் சொல்றது இஞ்சி. ஆளைத் தள்ளப் பாத்து, முடியாம எங்கயோ அடைச்சு வச்சு, கஸ்டர்ட் செய்ய வச்சிட்டிருக்கான்."

"அடைச்சு வச்சவன் எதுக்குச் சமைக்க விடறான்?"

கொழுந்தன் மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டான்.

"எனக்குத் தலை வலிக்குது" என்றாள் அண்ணி திடீரென்று. "அறைக்குப் போய்ப் படுக்கறேன். நீ மேல பஃபேல உக்காரு. எங்கயும் போகாத. யாருகிட்டயும் எதுவும் பேசாத."

ஒரு உயிர் ஊசலாடும்போது தலைவலியா என்று கொழுந்தனுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் மேலே போய் உட்கார்ந்தான். பேசக் கூடாது என்று சொன்னதால் பேசவில்லை. பத்தரை ஆனது. இன்னும் இரண்டு கஸ்டர்ட் சாப்பிட்டான். கண்ணெதிரே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது கருத்துப் புத்தகம். பேசத்தானே கூடாது, எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. ஐந்து நாள் திட்டியவன் ஒருநாள் பாராட்டாவிட்டால் அது நியாயமா? பேனாவை எடுத்து எழுதினான்.

'இன்றைய கஸ்டர்ட் அபாரம். காது வைத்த கஸ்டர்டை வாழ்க்கையில் முதல் தடவை சாப்பிடுகிறேன். செய்த கைக்குக் கும்பிடு.'

பதினொன்றுக்கு ஸ்டோர் மேனேஜர் புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு அவன் மேசைக்கு வந்தார். பல்வரிசை தெரிந்தது.

"இது உங்க கையெழுத்துதானே? அஞ்சு நாள்ல எங்களுக்குக் கிடைச்ச முதல் பாராட்டு. இந்த காதுன்னா என்னன்னுதான் புரியலை."

"இதோ பாருங்க சார்." கொழுந்தன் பெருமையோடு தட்டைத் திருப்பிக் காட்டினான். "ரெண்டு பக்கமும் ரெண்டு மொட்டு. கரடிக்குட்டி காது மாதிரி."

மேனேஜர் குனிந்து பார்த்தார். பிறகு கரண்டியால் ஒரு ஓரத்தை வெட்டி வாயில் போட்டார். மெதுவாக மென்றார். பல் அப்படியே சிரித்தபடி இருந்தது, கண் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டது. புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல், ஊழியர் படிக்கட்டில் இறங்கினார்.

கொழுந்தன் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்தான். லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த விளம்பரம் அப்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளைத் தொப்பி போட்ட வாண்டுகள் கரடிக்குட்டி வடிவத்தில் கேக்கை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'குட்டிச் சமையல்காரர்கள் வகுப்பு, நான்காம் மாடி. இந்தப் பயணத்தில் வகுப்பு இல்லை.'

அவன் அதை இன்னொரு தடவை படித்தான். கஸ்டர்ட் வெந்தது கரடி அச்சில். அந்த அச்சு எந்த அறைக்குப் போனது என்பது அதை எடுத்துக் கொடுத்த ஸ்டோர்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? நல்ல கஸ்டர்டைத் தின்ற எல்லாரும் இன்னொன்று எடுத்தார்கள். இவர் ஒருத்தர்தான் பயந்தார். செத்துப்போனான் என்று நிச்சயமாகத் தெரிந்தவனுக்குத்தானே அந்த ருசி பயம் தரும்? ஒளிந்திருந்தவனின் விலாசத்தைக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பது புரிந்துவிட்டது.

அறைக்கு ஓடினான். அண்ணி இல்லை. படுக்கை கலையவே இல்லை.

நான்காம் மாடி வரைக்கும் படியிலேயே இறங்கினான். மூச்சு இரைத்தது. எனக்கு ஏன் இந்தக் கை, ஏன் இந்தப் பேனா என்று ஒவ்வொரு படியிலும் தன்னையே திட்டினான். அந்த அக்காவின் முகம் வேறு முன்னால் முன்னால் வந்தது. தம்பி உயிரோடு இருந்தான், நான் எழுதினேன், அதனால் செத்தான் என்று அவளிடம் போய் எந்த வாயால் சொல்வது?

நான்காம் மாடி நடையில் ஒரு ஈ காக்கை இல்லை. கரடிப் படம் போட்ட கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. குழந்தைகளுக்காக முழங்கால் உயரத்தில் போட்ட மேசைகள், குட்டி நாற்காலிகள், சுவரோரம் சின்ன அடுப்புகள். ஒரு மேசைமேல் முட்டை அடிக்கும் கம்பி கிடந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் வாயை இறுகப் பொத்தியது.

"சத்தம் போட்டா மண்டை உடையும்." இஞ்சியின் குரல். பட்டை சுற்றிய வலது கையில் சப்பாத்திக் கட்டை போன்ற உருளைக்கட்டை. "யாருடா உன்னை இங்க வரச் சொன்னது?"

தீர்ந்தோம் என்று கொழுந்தன் கண்ணை மூடினான். அப்போது நடையில் காலடி கேட்டது. இஞ்சி அவன் கழுத்தைப் பிடித்து மேசைக்கு அடியில் அமுக்கி, தானும் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு நடுங்குவது கொழுந்தனுக்குத் தோளில் தெரிந்தது. என்னை அடிக்க வந்தவன் ஏன் நடுங்குகிறான் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

மேசைக்கு அடியிலிருந்து பார்க்க, பளபளவென்று பாலீஷ் போட்ட இரண்டு ஷூ மட்டும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், பேண்ட்டை ஒட்டி, கறி வெட்டும் கத்தியின் நுனி.

"தம்பி" என்றார் ஸ்டோர் மேனேஜர். கத்தி எடுக்க ஸ்டோருக்குப் போய்விட்டு வந்திருந்தார் போல. குழந்தையைத் தாலாட்டும் குரல். "நான்தான். பயப்படாத. வெளிய வா."

முதல் அலமாரிக் கதவு திறந்தது. மூடியது.

"நீ பொழைச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்னிக்கு ஏதோ கோவத்துல கை நீண்டிருச்சு. உன்னைத் தள்ளணும்னு நான் நினைக்கவே இல்லை."

இரண்டாவது அலமாரி. கத்தியின் நுனி கொழுந்தனின் மூக்குக்கு நேரே ஒரு முழ தூரத்தில் நின்றது. மூச்சை அடக்கினான்.

"மூட்டையில இருந்து நீ பிச்சு எடுத்தியே லேபிள், அதைக் குடுத்துடு. தேதி போன பவுடரா இருந்தா என்ன? ரெண்டு பேருக்கு வயித்தால போச்சு, அவ்வளவுதானே? அதுக்குப் போய் துறைமுகத்துல அதிகாரிகிட்ட சொல்லுவேன்னா நியாயமா?"

மேசைக்கு அடியில் இஞ்சி உருளைக்கட்டையை இறுக்கிப் பிடித்தார். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. கொழுந்தன் அதை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வீரம் எல்லாம் இல்லை. தான் எழுதிய வினையைத் தானே தீர்க்க வேண்டும் என்ற வெட்கம்தான்.

ஷூ இரண்டும் கடைசியாக இருந்த சரக்கறைக் கதவின் முன் நின்றன. கத்தி மேலே உயர்ந்து பார்வையிலிருந்து மறைந்தது. கொழுந்தன் மேசைக்கு அடியிலிருந்து பாய்வதற்குக் காலை ஊன்றினான்.

மேனேஜர் சரக்கறைக் கதவை இழுத்தார்.

"மச்சான்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "கத்தியைக் கீழ வை."

கேப்டன். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள். பின்னால் மாவு மூட்டைமேல் வசதியாக உட்கார்ந்து, கையில் கஸ்டர்டும் கரண்டியுமாக, அண்ணி.

கத்தி தரையில் விழுந்த சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. மேனேஜரின் பல்வரிசையை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. காவலர்கள் அவர் கையைப் பின்னால் கட்டும்போது கேப்டன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கொழுந்தன் மேசைக்கு அடியிலிருந்து உருளைக்கட்டையோடு வெளியே வந்தான். "தலைவலி எப்படி இருக்கு அண்ணி?" என்றான்.

"பரவாயில்லை. நீ எழுதினதும் சரியாப் போச்சு."

"தெரியுமா உங்களுக்கு? நான் எழுதுவேன்னு தெரிஞ்சா உக்கார வச்சீங்க?"

"அஞ்சு நாள்ல நீ எழுதாம விட்ட நாள் ஒண்ணு சொல்லு. தினமும் காலையில அந்தப் புத்தகத்தைப் படிக்கறது அந்தாள் வேலை. ஷூ அலமாரி சாவி ரெண்டு பேருகிட்ட. கரடி அச்சு இங்க இருக்குன்னு தெரியறதும் அதே ரெண்டு பேருக்குத்தான். காதுன்னு படிச்சதும் எவன் ஓடி வரானோ அவன்தான் ஆள். அதைக் கேப்டன் தன் காதால கேக்கணும்னுதான், லிஃப்ட் விளம்பரத்துல கரடியைப் பாத்ததும் இங்க வந்து பாத்துட்டு, அவரையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். சொந்த மச்சானைப் பத்தி நான் போய்ச் சொன்னா நம்புவாரா?"

"என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம். செத்துப் பொழைச்சேன்."

"சொல்லியிருந்தா அவன் முன்னால உனக்கு இப்படி வெகுளியா முகம் வந்திருக்குமா?" என்றாள் அண்ணி. பிறகு குரலைத் தணித்து, "கட்டையைத் தூக்கிக்கிட்டு நீ வருவேன்னு மட்டும் நான் எதிர்பார்க்கலை தம்பி" என்றாள்.

சரக்கறையின் உள்மூலையில், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளைஞனை இஞ்சி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வெறுங்கால். இடது கணுக்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. தள்ளியபோது அவன் கடலில் விழவில்லை. ஒரு மாடி கீழே தொங்கிய உயிர்காப்புப் படகின் கூரைத் துணியில் விழுந்திருக்கிறான். அங்கே திருட்டுத்தனமாகப் புகை பிடிக்கப் போன இஞ்சி அவனைக் கண்டு, யாரை நம்புவது என்று தெரியாமல், துறைமுகம் வரும்வரை இங்கே ஒளித்து வைத்திருக்கிறார்.

"மத்தியானம் போட்ட சண்டையும் அதுக்குத்தான்" என்றார் இஞ்சி. "அந்தாளை எதிர்த்துக்காதடா, உசுரு போகும்னேன். கேக்கலை."

"சரி, ஒளிஞ்சு கிடக்கற ஆளுக்கு கஸ்டர்ட் எதுக்கு?" என்றான் கொழுந்தன்.

இளைஞன்தான் பதில் சொன்னான். "இன்னிக்கு மெனுவுல கஸ்டர்ட். மிச்சம் இருந்தது அந்த தேதி போன பவுடர் மட்டும்தாங்க. சின்னப் பசங்க நூறு பேருக்கு மேல இருக்காங்க. கஸ்டர்ட் வைக்கலைன்னா அவருக்குச் சந்தேகம் வரும். அதான் ராத்திரி நாலு தடவையா இங்கேயே வேக வச்சு அனுப்பினோம். பெரிய அச்செல்லாம் ஸ்டோர்ல பூட்டி இருந்துச்சு."

"மோசமா செய்டான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்றார் இஞ்சி. "வழக்கமா இருக்கற மாதிரி கொஞ்சம் ரப்பர் மாதிரி செய், மாட்டிக்க மாட்டோம்னேன். தலையை ஆட்டிட்டு உப்பு போட்டான்."

"ட்ரை பண்ணேங்க" என்றான் இளைஞன் தலை குனிந்து. "வரலை."

கேப்டன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மச்சானை முன்னால் விட்டு, காவலர்களோடு வெளியே போனார்.

நடையில் ஓடி வரும் சத்தம் கேட்டது. அண்ணி முன்பே ஆள் அனுப்பியிருந்தாள், காரணம் சொல்லாமல். வாசலில் சலவைக்கார அக்கா வந்து நின்றாள். கையில் அந்த பிளாஸ்டிக் பை. தம்பியைப் பார்த்தாள். கூச்சல் போடவில்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. அவன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா" என்றான் அவன்.

"இது கிச்சன்தானே?" என்று கேட்டாள் அவள். "போட்டுக்கலாம் இல்ல?"

அவன் தலையாட்டினான். பையிலிருந்து ஷூவை எடுத்து வலது காலில் மாட்டிக் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டாள். இடது கால் வீங்கியிருந்தது. இரண்டு மூன்று முறை முயன்றும் ஷூ ஏறவில்லை. அந்த ஒற்றை ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, அவன் காலைப் பிடித்தபடி, அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். துறைமுகம் வந்துவிட்டதாகக் கப்பல் மூன்று முறை ஊதியது. அந்த ஷூவை அவள் கீழே வைக்கவில்லை.